நன்சானா மனையில் ஒரு கல்லறை

நன்சானா,
8 மார்ச் 1998

அன்புள்ள கஸ்பார் அண்ணாவுக்கு,

உழைப்புக்கு நன்றி. அந்த மலையில் இருப்பவர்கள் எப்படி? இங்கே எல்லோரும் இருக்கிறோம். என் முழங்கால்தான் மழை வருவதற்கு முன்பே மழை வருகிறது என்று சொல்லிவிடுகிறது. மற்றபடி நலம்.

நீ கடைசியாக வந்தபோது பார்த்த நன்சானா இப்போது இல்லை. கம்பாலாவில் இடம் தீர்ந்துபோய் எல்லோரும் இந்தப் பக்கம் வழிந்து வருகிறார்கள். விடிந்து எழுந்தால் நேற்றுச் சோளம் நின்ற இடத்தில் ஒரு மதில் நிற்கிறது. செங்கல் லாரி போகிற போக்கில் நான் சுட்டு விற்கும் பழ அப்பத்தின்மேல் செம்மண் படிகிறது. துடைத்து விற்கிறேன். வாங்குகிறவர்களும் கண்டுகொள்வதில்லை.

பக்கத்து மனை இரட்டையர் அம்மாவுக்கு நடந்ததைக் கேள். ஒரு சாவுக்காக ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அவள் நிலக்கடலைப் பாத்தியில் யாரோ அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். கேட்டால் பத்திரம் காட்டுகிறார்கள். விற்றவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஊர்ச் சேர்மன் வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

இப்போது நம் மனைக்கும் ஒருவர் வருகிறார். கட்டும்பா என்று பெயர். வெள்ளைக் கார். தங்கும் விடுதி கட்ட இடம் பார்க்கிறாராம். ரொட்டியும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலி ஓரமாக நடந்து கண்ணாலேயே அளக்கிறார்.

"நிலம் யாருதும்மா?" என்றார்.

"எங்க அண்ணனுது."

"அண்ணன் எங்க?"

"லெசோத்தோல வாத்தியார்."

"லெசோத்தோவா? அது நிலாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க ஆளில்லாத நிலம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு பெண்பிள்ளை, கணவனும் இல்லை. என்னை யார் கணக்கில் வைப்பார்கள்? நீ உன் பாதிச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய மண் இது. என்ன செய்யட்டும், எழுது.

உன் தங்கை,
தெரேசா நளுபேகா

*

மொகொட்லொங், லெசோத்தோ,
2 ஏப்ரல் 1998

என் தங்கச்சி தெரேசாவுக்கு,

அப்பம் சுடும் கைக்கு நன்றி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். குளிர் தொடங்கிவிட்டது. என் மாணவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு குதிரையில் வந்து இறங்கி, கணக்கு என்றால் குதிரையைவிட வேகமாக ஓடுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு யோசித்தேன். வேலி போட்டால் பிடுங்குவார்கள். விற்பனைக்கு அல்ல என்று சுவரில் எழுதினால், விலை பேசலாம் என்று படித்துக்கொள்வார்கள். ஆனால் நம் ஆட்கள் கை வைக்காத ஒன்று உண்டு. கல்லறை. அது இருக்கிற மண்ணை வாங்கினால் அந்தச் செத்தவனையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். எவன் துணிவான்?

நம் அப்பா அம்மா மித்யானாவில் குலத்து நிலத்தில் படுத்திருக்கிறார்கள். நன்சானாவில் நமக்கென்று யாரும் இல்லை, அதுதான் குறை. அந்தக் குறையை நீ தீர்த்துவிடு. ஒரு கொத்தனாரைப் பிடி. வாசலில் இருந்து தெரிகிற மாதிரி ஆளுயரத்துக்கு ஒரு குழி, மேலே சிமெண்ட், தலைமாட்டில் சிலுவை. யாராவது கேட்டால் மாமா பெயரைச் சொல். செத்தும் ஒரு உபகாரம் செய்யட்டும், உயிரோடு இருந்தபோது செய்யவில்லை.

உன் அண்ணன் மூளை எப்படி?

கஸ்பார் முபீரு

*

நன்சானா,
17 மே 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

கற்பிக்கும் வாய்க்கு நன்றி. குளிருக்குக் காலில் கம்பளி போட்டுக்கொள்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கொத்தனார் பூசி முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "உள்ள யாரும்மா?" என்றான். "ஒருத்தர்" என்றேன். "ஒருத்தரா, ஒருத்தியா? சிலுவையில எழுதணுமே" என்றான். எழுத வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மாமா பெயர் எப்படிப் போட? அவர் சாவில் இந்த ஊர்க்காரர்களே வந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஊர் ஏமாறவில்லை, அண்ணா. இங்கே ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் வந்து இரவு முழுக்க நெருப்பு மூட்டி உட்கார வேண்டும். யாரும் உட்காராமல் கல்லறை எங்கிருந்து வந்தது என்று சேர்மனே கேட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு, கட்டும்பா கொடுத்த சர்க்கரையில் பாதியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் கட்டும்பா வெளியூர்க்காரர். மறுவாரம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். "சொல்லவே இல்லையேம்மா" என்றார். அப்புறம் வரவில்லை. உன் மூளையை மெச்சுகிறேன்.

ஒன்று மட்டும். காலையில் பெருக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிப் பெருக்குகிறேன். மேலே ஏற மனம் வரவில்லை. வெறும் சிமெண்ட்தான் என்று தெரியும்.

செத்துப்போன பெரியண்ணன் மகன் அம்புரோஸ் வந்திருந்தான். டாக்ஸி வேன் ஓட்டுகிறான். கல்லறையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். சித்தப்பா நலமா என்று விசாரித்தான்.

தெரேசா

*

மொகொட்லொங்,
14 ஜூன் 1998

தங்கச்சிக்கு,

இங்கே பனி விழுகிறது. எழுதும் விரல் எனக்குச் சொந்தமா என்று சந்தேகமாக இருக்கிறது. நீ நலமா? முழங்கால் நலமா?

கட்டும்பா தொப்பியைக் கழற்றினார் என்று படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தலைமையாசிரியை மாலினியோ அம்மா மட்டும் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"குழி வெட்டி வச்சிட்டு அதுல யாரும் இல்லைன்னு சொல்றீங்க. சிரிக்க எனக்கு இதுல ஒண்ணும் தெரியலை, வாத்தியாரே" என்றார்.

மலைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம். நான் கணக்கு வாத்தியார். காலிக் குழி என்றால் பூஜ்யம். பூஜ்யத்தால் யாருக்கு என்ன கெடுதல்?

அம்புரோஸுக்கு என் ஆசி. வேனை நிதானமாக ஓட்டச் சொல். அவனைக் கொஞ்சநாள் உன்னோடு வைத்துக்கொள், வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருப்பது நல்லது.

கஸ்பார்

*

மொகொட்லொங்,
12 அக்டோபர் 1998

தங்கச்சிக்கு,

உழைப்புக்கு நன்றி என்று எழுதக்கூடத் தயக்கமாக இருக்கிறது, நீ இருக்கிறாயா என்றே தெரியவில்லை. ஜூனுக்குப் பிறகு நான் போட்ட கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை. நீ எழுதியது வரவில்லையா, நான் எழுதியது போகவில்லையா?

இந்த நாட்டுத் தலைநகர் மசேரு எரிந்ததை ரேடியோவில் கேட்டிருப்பாய். எல்லை தாண்டிச் சிப்பாய்கள் வந்தார்கள், கடைத்தெரு சாம்பலாகிவிட்டது. நாங்கள் தூரத்து மலையில் இருக்கிறோம், இங்கே ஒரு புகையும் வரவில்லை. தபால்தான் அடியோடு நின்றுபோனது. நேற்றுத்தான் முதல் வண்டி ஏறி வந்தது. அதில் இதை அனுப்புகிறேன்.

நீ பயந்து அழுதிருப்பாய். அழாதே. உன் அண்ணன் முழுசாக இருக்கிறான், தொப்பைகூட விழுந்திருக்கிறது. உடனே எழுது.

கஸ்பார்

*

நன்சானா,
5 நவம்பர் 1998

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ இருக்கிறாய் என்று தெரிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். நான் நலம்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. நிறையப் பேர் வந்து போனார்கள். மித்யானாவிலிருந்து குலத்துப் பெரியவர்களும் வந்தார்கள். தோட்டத்தில் இருந்த பெரிய மத்தோக்கே வாழையை வெட்ட வேண்டியதாகிவிட்டது. அம்புரோஸ் இப்போது நம்மோடுதான் இருக்கிறான், உன் அறையில் படுக்கிறான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான்.

கட்டும்பா மறுபடி வரத் தொடங்கிவிட்டார். இப்போது என்னோடு பேசுவதில்லை.

இந்த வருஷம் வர வேண்டாம், அண்ணா. தூசி அதிகம், உனக்கு இருமல் வேறு. இனிமேல் சேர்மனின் தபால் பெட்டிக்கு எழுதாதே. இரட்டையர் அம்மாவின் கோயில் பெட்டிக்கு எழுது, எண் பின்பக்கம் இருக்கிறது. சேர்மன் பெட்டிக்கு வருவது கை மாறி வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நிறையச் சாப்பிடு.

தெரேசா

*

மொகொட்லொங்,
25 நவம்பர் 1998

தெரேசாவுக்கு,

நான் நலம். அதாவது, செத்துப்போன மனிதனுக்கு எவ்வளவு நலம் இருக்க முடியுமோ அவ்வளவு.

இங்கே ஆஸ்பத்திரியில் நம் ஊர் டாக்டர் செங்கேந்தோ இருக்கிறார். விடுமுறைக்குக் கம்பாலா போய்விட்டு நேற்று வந்தார். என்னைச் சந்தையில் பார்த்ததும் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பையைக் கீழே போட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். 

"முபீரு, உங்க சாவுக்கு நான் காசு போட்டேனே. உங்க வீட்டு முற்றத்துல பந்தல் போட்டிருந்தாங்க. நல்ல வாழைக்கள். நான் ரெண்டு குடுவை குடிச்சேன்."

வாழையை வெட்ட வேண்டியதாகிவிட்டது என்று எழுதினாயே, அது எதற்கென்று இப்போது புரிகிறது. உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக மரவுரியில் சுற்றிப் புதைக்கிற வாழை. என்னை வாழை மரமாக்கிவிட்டாய், தெரேசா. உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வாரிசையும் உட்காரவைத்தாயிற்றாம். ஈட்டியைக் கையில் கொடுத்து, மரவுரி போர்த்தி, இனி இவன்தான் முபீரு என்று குலம் முழுக்கச் சொன்னதாம். யார் அவன் என்று நான் கேட்கவில்லை. என் அறையில் படுப்பவன் யார் என்று நீதான் எழுதியிருந்தாயே.

நேற்று இரவு நான் அழுதேன். கோபத்தில் என்று நினைத்தேன், கோபத்தில் மட்டும் இல்லை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த மண் ஒன்றுதான் எனக்குத் திரும்பிப் போக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் புறப்படுகிறேன். முற்றத்தில் நின்று, இதோ பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன், வருகிறேன் என்று சேர்மனுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். அவர் அரசாங்கத்து ஆள். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

கஸ்பார் முபீரு
(அந்தப் பெயரை எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதென்றால்)

*

நன்சானா,
11 டிசம்பர் 1998
விரைவுத் தபால்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் உழைப்புக்கு நன்றி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எப்படி? இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

சேர்மனுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் என்னிடம் கொடுத்தார். படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் ஏமாந்துவிட்டோம். ரேடியோ சொன்னதை நம்பினோம். அத்தை பாவம், அவரைக் கோபிக்காதீர்கள். அவர் மனம் இப்போது சரியில்லை. ஏதேதோ எழுதுவார், நம்ப வேண்டாம்.

பெயரைப் பெரியவர்கள் என்மேல் வைத்தார்கள், நான் கேட்கவில்லை. நீங்கள் வந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி சரிசெய்துவிடலாம். புதைத்த வாழையை வெளியே எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காகச் சிமெண்டை உடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வரும்போது குழி திறந்து தயாராக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். செத்தவர் என்று அழுத ஊர். நீங்கள் திடீரென்று தெருவில் நடந்து வந்தால் பயந்து கல்லெடுத்து அடித்தாலும் அடிப்பார்கள். ஆகவே யாரிடமும் சொல்லாமல் வாருங்கள். மித்யானாவுக்கும் எழுத வேண்டாம். எந்த பஸ் என்று எனக்கு மட்டும் தந்தி கொடுங்கள். எந்த நேரமானாலும் பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்பேன். கட்டும்பா ஐயா காரைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பிள்ளை,
அம்புரோஸ்

*

நன்சானா,
13 டிசம்பர் 1998

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை இரட்டையர் அம்மா நாளைக் காலைப் பூசைக்குப் போகும்போது தபாலில் போடுவாள். பெட்டி எண்ணை உறையில் எழுதவில்லை. யார் கண்ணிலாவது பட்டால் அவளுக்கும் ஆபத்து.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் யாரோ கட்டும்பாவிடம் அது காலிக் குழி என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் அவர் ஒரு பத்திரத்தோடும் கடப்பாரையோடும் வந்தார். "வெறும் சிமெண்ட் உடைஞ்சா யாருக்கும்மா வலிக்கப் போகுது?" என்றார். அந்த வாரத்தில்தான் ரேடியோவில் மசேரு எரிந்தது. உன்னிடமிருந்து கடிதம் நின்று மாதங்கள் ஆகியிருந்தன. சேர்மன் வந்தார்.

"தெரேசா, அந்தக் குழி யாருக்குன்னு ஊர் கேக்குது."

நான் குழியைப் பார்த்தேன்.

"அண்ணனுக்கா?"

நான் தலையை ஆட்டவில்லை, அண்ணா. ஆம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. சும்மா நின்றேன். அதற்குள் வாசலில் பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். நெருப்பு மூட்டினார்கள். கட்டும்பாவின் ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் தப்பித்தது என்று ஒரு மனம் சொன்னது. நீ உண்மையாகவே போய்விட்டாய் என்று இன்னொரு மனம் அழுதது. எது பொய் என்று அந்த இரவில் எனக்கே தெரியவில்லை. நீ பிழைத்திருந்தால் வந்து சிரிப்பாய், சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அம்புரோஸை உட்காரவைத்தார்கள். முறைப்படி இனி அவன்தான் நீ. நான் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும். முதலில் விளையாட்டாகக் கூப்பிட்டேன். இப்போது அப்படிக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. உன் அக்டோபர் கடிதம் வந்தபோது முதலில் அவன்தான் படித்தான். மடித்து என் கையில் கொடுத்தான்.

"செத்தவங்க கடிதம் எழுத மாட்டாங்க, தங்கச்சி" என்றான்.

தங்கச்சி என்றான். என் கையில் தூக்கி வளர்த்த பிள்ளை.

பாதி நிலத்துக்குக் கட்டும்பாவிடம் கையெழுத்துப் போட்டுவிட்டான். மீதிக்கும் போடப் போகிறான். நீ உயிரோடு இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அது அவனுக்கும் தெரியும், கட்டும்பாவுக்கும் தெரியும். சேர்மனுக்கும் தெரியும். இரட்டையர் அம்மாவைத் தவிர ஊரில் வேறு யாருக்கும் நீ இருப்பது தெரியாது. நான் சொன்னால் அறிவு கலங்கிவிட்டது என்கிறார்கள்.

இன்று சிமெண்டை உடைத்தார்கள். வாழையை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தார்கள். திரும்ப மூடவில்லை. இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"சித்தப்பா வர்றார்ல" என்றான்.

வராதே. கேள், வராதே. நிலம் போனால் போகட்டும். வந்தே தீருவேன் என்றால் நன்சானா பக்கம் வராமல் நேரே மித்யானாவுக்குப் போய்ப் பெரியவர்கள் முன்னால் நில். பகலில் போ. அம்புரோஸ் என்ன எழுதினாலும் நம்பாதே. நான் தவறு செய்துவிட்டேன். உன் மண்ணைக் காப்பாற்றப் போய் உன்னைக் கொடுத்துவிட்டேன். நீ அங்கேயே இரு, நான் வாழ்நாள் முழுக்க உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

உன் தங்கை,
தெரேசா

*

மொகொட்லொங்,
8 ஜனவரி 1999

அன்புள்ள தெரேசா நளுபேகா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். உங்கள் அண்ணன் வேலை செய்யும் பள்ளியின் தலைமையாசிரியை நான்.

அவருக்கு நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுத்தான் எங்களுக்கு வந்தது. பண்டிகை நாட்களில் தபால் வண்டி மலை ஏறுவதில்லை. அவர் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே புறப்பட்டுவிட்டார். ஆகவே கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் இருப்பதை நேரிலேயே அவரிடம் சொல்லியிருப்பீர்கள்.

நவம்பரில் அவர் மிகவும் உடைந்துபோயிருந்தார். அப்புறம் அவர் அண்ணன் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை என்னிடம் வாசித்துக் காட்டினார். "பாருங்கம்மா, பையன் எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்கான். எல்லாம் தயாரா இருக்காம்" என்றார். பழையபடி சிரிப்பும் கேலியும் வந்துவிட்டன. புறப்படும் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டதால், டாக்டரிடம்கூட விடைபெறாமல் போனார். பையனுக்கு மட்டும் தந்தி கொடுத்தார்.

பயணம் நீண்டது என்றாலும் இந்நேரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தந்தி கொடுக்கிறேன் என்று சொன்னவர். வீட்டாரைப் பார்த்த மகிழ்ச்சியில் மறந்திருப்பார். உங்கள் உறையில் பெட்டி எண் இல்லாததால், பள்ளிப் பதிவில் அவர் கொடுத்திருந்த ஊர்ச் சேர்மனின் பெட்டிக்கே இதை அனுப்புகிறேன்.

அவர் வந்து சேர்ந்தார் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மாலினியோ